இரண்டாவது வெளிச்சத்துக்கு முன்

முதல் வெளிச்சம் அடித்து ஓய்ந்ததும் சந்திரலேகா கேட்பது ஒரே கேள்விதான்: "காலைல இன்னா சாப்ட?"

எதிரே தாடையைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி உட்கார்ந்திருப்பவர் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கட்டளை வந்துவிடும். "சொல்லாத. மனசுல நெனச்சுக்கோ." அவர் இட்லியையோ, முந்தின நாள் குழம்பையோ, ஒன்றும் சாப்பிடாமல் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடியதையோ நினைத்துக்கொண்டிருக்கும் அந்த ஒரு மூச்சு நேரத்தில், சந்திரலேகாவின் வலது கை கேமராவின் பிடியை ஓர் அரிசி அகலத்துக்கு நகர்த்திவிடும். இரண்டாவது வெளிச்சம் அடிக்கும். "இப்ப சொல்லு" என்பார். பலரும் சொல்வார்கள். அதை அவர் காதில் வாங்குவதில்லை என்றே அவர்கள் நினைக்கிறார்கள்.

வெளிச்சம் பட்ட கண் மிரளும். இமை இறங்கும், விழி ஓடும். ஆகவே முதல் படம் யாருக்கும் வந்துவிடும். இரண்டாவது படத்தில்தான் தொழில் இருக்கிறது. "ஆடாதன்னு சொன்னா ஆடுவான். சோத்தக் கேட்டா அடங்கிடுவான்" என்பது அந்தத் தொழிலில் சந்திரலேகாவின் சொந்தக் கண்டுபிடிப்பு.

விவரங்களை முதலில் சொல்லிவிடலாம். வயது நாற்பத்தாறு. பிறந்த ஊர் வல்லம் வடகால். தகப்பனார் ரத்தினம், தாயார் கிளியம்மாள், இருவரும் காலமாகிவிட்டார்கள். தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்தபோது வந்த தொகையில் அண்ணன் ஒரு பேருந்து வாங்கினார். தங்கை சந்திரலேகா ஒரு படிப்பு வாங்கினார். அப்போது அவருக்கு முப்பது கடந்துவிட்டது. தாலி அறுந்து கையில் ஒரு பெண்குழந்தை. தன்னைவிடப் பாதி வயதுப் பெண்களோடு பெஞ்சில் உட்கார்ந்து கண் பரிசோதனைத் தொழில் படித்தார். மகள் இசைவாணி இப்போது மறைமலைநகரில் வேலையில் இருக்கிறாள். சந்திரலேகா இருப்பது ஒரகடம் கூட்டுரோட்டில், பிரியாணிக் கடைக்கு மேல்மாடியில் உள்ள ஒரு கண் பரிசோதனை நிலையத்தில். சுற்றுப்பட்ட தொழிற்சாலைகளில் ஃபோர்க்லிஃப்ட், கிரேன், பேட்டரி வண்டி ஓட்டுகிறவர்கள் ஆண்டுக்கொரு முறை அந்த மாடிப்படி ஏறியாக வேண்டும். ஏறி, அவர் முன் உட்கார்ந்து, அவர் எடுக்கும் படங்கள் நகரத்தில் இருக்கும் மருத்துவருக்குப் போய், "தகுதி" என்ற ஒற்றைச் சொல் திரும்பி வந்தால்தான் அடுத்த ஓராண்டுக்கு வண்டியில் ஏற முடியும்.

அவர் படமெடுப்பது முகத்தையல்ல, கண்ணின் பின்சுவரை. பார்வை நரம்பு மூளைக்குக் கிளம்புகிற இடம் அங்கே ஒரு சிறு வட்டத் தட்டாகத் தெரியும். ஆரஞ்சு நிறம், நடுவில் வெளிறிய குழி. குழி எல்லாருக்கும் உண்டு. ஆனால் நீர் அழுத்த நோய் வந்த கண்ணில் அந்தக் குழி அகன்று, ஆழ்ந்து, சுற்றியுள்ள விளிம்பைத் தின்றுகொண்டே போகும். விளிம்பு தேயத் தேயப் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கும். வலிக்காது, உறுத்தாது, உடையவருக்கே தெரியாது. மருந்து போட்டால் இருக்கிற பார்வை நிற்கும், போனது திரும்பாது. ஒற்றைப் படத்தில் அந்தக் குழி வெறும் வெள்ளைப் பொட்டு. சற்றே இடமிருந்து ஒன்று, சற்றே வலமிருந்து ஒன்று என இரண்டு படமெடுத்துத் திரையில் அடுத்தடுத்து வைத்து, இரட்டை வில்லைக் கண்ணாடி வழியே பார்த்தால் இரண்டும் ஒன்றாகக் கலக்கும். அப்போது பொட்டு பள்ளமாக இறங்கும். எவ்வளவு ஆழம் என்பது அப்போதுதான் தெரியும்.

மருத்துவருக்கு அனுப்பும் அறிக்கையில் அந்த ஆழத்துக்கு எண்கள் உண்டு. சந்திரலேகாவுக்குத் தனக்கென்று ஒரு கணக்கு உண்டு. ஆரோக்கியமான கண் "தட்ட இட்லி." கவனிக்க வேண்டியது "பணியாரக் குழி." அதற்கும் மேலே "ஆப்பச் சட்டி." அதையும் தாண்டிவிட்டால் அது கிணறு; அவர் வாயிலிருந்து சமையலறைப் பெயர் வருவதில்லை. கண்ணாடியைக் கழற்றி, நெற்றிப் பட்டையில் ஒட்டியிருக்கும் வேர்வையையும் வல்லக்கோட்டை விபூதியையும் ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கத் தொடங்கிவிடுவார்.

முகங்கள் அவருக்கு நினைவில் நிற்பதில்லை. கிருத்திகையன்று வல்லக்கோட்டைக் கோயில் வரிசையில் ஒருவர், "நல்லாருக்கீங்களாக்கா, போன வருஷம் எனக்கு எடுத்தீங்களே" என்று கும்பிட்டால், சந்திரலேகா திருதிருவென விழிப்பார். "மூஞ்ச வெச்சுகினு நான் இன்னா பண்றது? கண்ண எடுத்து வை, சொல்றேன்" என்பார். வேடிக்கைப் பேச்சல்ல. தட்டின் மேல் ரத்தக் குழாய்கள் பிரிந்து ஓடும் விதம் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவருக்கு வேப்பங்கிளை போல, இன்னொருவருக்குச் சாலை பிரிவது போல. ஒரு முறை பார்த்ததை அவர் மறப்பதில்லை.

நிலையத்தின் மேலாளர் டில்லிபாபு அவரைவிடப் பத்து வயது இளையவர். திரைச்சீலைக்கு வெளியே வரிசை நீளும்போதெல்லாம் உள்ளே தலையை நீட்டுவார். "யக்கா, ஃபோட்டோவ எடுத்தமா அனுப்பனமான்னு இரு. நீ என்னமோ பொண்ணு பாக்க வந்தா மாரி பாத்துகினு கீற."

"பொண்ணு பாக்க வந்தவன் மூஞ்சியோட வூட்டுக்குப் பூடுவான். நான் மூளை வாசல் வரிக்கும் பாக்கறேன்டா. திரைய மூடு, வெளிச்சம் வருது."

அவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. படமெடுத்து முடித்ததும் எவரும் கேட்கும் கேள்வி, "என்னக்கா தெரியுது?" அதற்கு அவரது பதில் மாறாதது: "ஃபோட்டோ நல்லா வந்துகீது." தட்ட இட்லிக்கும் அதே பதில், கிணற்றுக்கும் அதே பதில். எடுக்கிறவர் சொல்லக் கூடாது. சொல்ல வேண்டியவர் மருத்துவர். சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் கணினியில் 'குறிப்பு' என்றொரு கட்டம் இருக்கிறது. அதில் எழுதலாம். ஒரு காலத்தில் எழுதியும் இருக்கிறார்.

எழுதியது கவியாவுக்கு. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், பேட்டரி வண்டி ஓட்டினாள், விடுதியில் தங்கியிருந்தாள். இரண்டு கண்ணிலும் குழி ஆழமாக இருந்தது. சந்திரலேகா கட்டம் நிறைய எழுதினார். மருத்துவரும் ஒப்புக்கொண்டார். அறிக்கை தொழிற்சாலைக்குப் போய், அங்கிருந்து ஒப்பந்தக்காரருக்குப் போனது. விடுதிக் கட்டிலைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கவியா மாடி ஏறி வந்தாள். "எனக்கு நல்லாத்தானக்கா தெரியுது. என்னத்துக்கு எழுதுனீங்க?" என்றாள். சண்டைக்கு வந்தவள் போலவும் இல்லை, நிஜமாகவே காரணம் தெரியாமல் கேட்டாள். "மருந்து போடு, வுடாத" என்று மட்டும் சந்திரலேகா சொன்னார். பிறகு கவியாவின் கைபேசி எண் உபயோகத்தில் இல்லை. ஊரில் யாராவது அவளுக்கு மருந்து வாங்கித் தந்தார்களா, அவளுக்கு இப்போது எவ்வளவு தெரிகிறது என்பதை அறிய வழியில்லை. அதன் பிறகு அந்தக் கட்டத்தில் "படம் தெளிவு" என்பதற்கு மேல் அவர் ஒரு சொல்லும் எழுதியதில்லை.

இந்த ஆண்டு பரிசோதனைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை வேல்ராஜ் என்ற ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் வந்தான். சுங்குவார்சத்திரத்தில் ஊர்க்காரப் பையன்களோடு அறை எடுத்துத் தங்கியிருப்பவன். கச்சிதமான தட்ட இட்லிக் கண். இடக்கண்ணின் மேல்பக்கத்தில் ஒரு குழாய் கவட்டையாகப் பிரிந்து, அதில் ஒரு கிளை மட்டும் எதையோ மறந்துவிட்டுத் திரும்பிப் போவது போல வளைந்திருந்தது. இரண்டாவது வெளிச்சத்துக்குப் பிறகு, "ராத்திரி மிச்சமான புரோட்டாக்கா" என்றான்.

வியாழக்கிழமை பிச்சையா என்ற பெயரில் ஓர் ஆள் வந்தான். தொப்பி, முகக்கவசம், பிச்சையாவின் அடையாள அட்டை, மார்பில் பிச்சையாவின் பெயர் தைத்த சட்டை. தாடையை வைப்பதற்காகக் கவசத்தைக் கழுத்துக்கு இறக்கியபோதும் சந்திரலேகா முகத்தைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் பயனில்லை. முதல் வெளிச்சம் அடித்தது. திரையில் அந்தக் கவட்டை. திரும்பிப் போகும் அந்தக் கிளை.

கேள்வியைக் கேட்டார். பிடியை நகர்த்தினார். இரண்டாவதையும் அடித்தார்.

"இப்ப சொல்லு."

"பூரிக்கா."

"பரவால்லியே. செவ்வாக்கெழம ராத்திரி மிச்சமான புரோட்டா துன்ன. இன்னிக்கிப் பூரியா?"

தாங்கியில் இருந்த தாடை அப்படியே நின்றது. "செவ்வாக்கெழமை நான் வரலியேக்கா."

"நீ வரலப்பா. உன் கண்ணு வந்துச்சு."

வேல்ராஜ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். வெளியே டில்லிபாபு யாரையோ டோக்கன் போடச் சொல்லிக்கொண்டிருந்தார். வேல்ராஜ் குரலைத் தாழ்த்தினான். "உள்ள எல்லாருக்கும் ஒண்ணு போலத்தான இருக்கும்னு நெனைச்சோம்க்கா."

அட்டை, சட்டை, தொப்பி எல்லாவற்றையும் யோசித்தவர்கள், கண்ணுக்குள்ளும் ஒரு முகம் இருக்கும் என்பதை யோசிக்கவில்லை. பிச்சையாவும் அதே அறைக்காரன். அறையில் ஒருவனுக்காக இன்னொருவன் கேஸ் சிலிண்டர் வரிசையில் நிற்பான், ரேஷன் வாங்குவான், ஊருக்குப் பணம் போட்டுவிட்டு வருவான். அப்படித்தான் கண்ணையும் கொண்டுவந்திருக்கிறான்.

பிச்சையாவின் கண்ணைச் சந்திரலேகா அறிவார். சென்ற ஆண்டே வலக்கண் ஆப்பச் சட்டி. அப்போதிருந்த மருத்துவர் இரக்கப்பட்டு, "இந்த ஒரு வருஷம் விடறேன். தினம் சொட்டு மருந்து போடணும். அடுத்த வருஷம் மோசமானால் வண்டி கிடையாது" என்று தொலைபேசியில் சொல்லித் "தகுதி" கொடுத்திருந்தார். அவர் இப்போது வேறிடத்தில் இருக்கிறார். புதியவருக்கு இந்த ஆண்டின் படங்கள் மட்டும் போகும். ஆழ்ந்த குழி தூர்ந்து சமமாகாது என்பது அவருக்கும் தெரியும். ஆனால் ஆழமாக இருந்தது என்பது அவருக்குத் தெரியாது.

குறிப்புக் கட்டத்தில், எழுத வேண்டிய இடத்தைக் காட்டும் குச்சி மினுங்கிக்கொண்டிருந்தது. எழுதினால் இரண்டு பேரின் வேலை போகும். எழுதாவிட்டால் பிச்சையாவின் கண் போகும். அதற்கு முன்பே அவன் வண்டியின் வலப்பக்கத்தில் நிற்கும், யாரென்று தெரியாத ஒருவனின் காலோ உயிரோ போகலாம். கவியா துணிப்பையோடு நின்ற இடம் திரைச்சீலைக்குப் பக்கத்தில்தான். சந்திரலேகா "படம் தெளிவு" என்று எழுதி அனுப்பினார்.

"நாயித்துக்கெழம இங்க யாரும் இருக்க மாட்டாங்க. தொறந்து வெக்கறேன்" என்றார் வேல்ராஜிடம். "அவன வரச் சொல்லு. அவன் கண்ண அவனையே எடுத்தாரச் சொல்லு."

சனிக்கிழமை பிச்சையாவுக்குத் "தகுதி" வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பிச்சையா தனியாக வந்தான். நெட்டை. இருபத்தொன்பது வயதுக்குள் நெற்றி ஏறியிருந்தது. வாசலில் செருப்பை விட்டவன், நாற்காலியைத் தேட முழுத் தலையையும் வலப்புறம் திருப்பினான். கருமணி விரிவதற்காக எல்லாரையும் உட்கார வைக்கும் இருட்டு பெஞ்சில் அவனையும் உட்கார வைத்தார். இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் அந்த பெஞ்சில் குறட்டை விடுவார்கள். இவன் விழித்திருந்தான்.

"மருந்து போட்டியா தம்பி?"

"ரெண்டு மாசம் போட்டேம்க்கா. கண்ணு ரெண்டும் செக்கச் செவேல்னு ஆயிரும். கேட்ல செக்யூரிட்டி தனியா நிறுத்தி ஊதச் சொல்லுவான். ஊதுனா ஒண்ணும் வராது. மிசின் சரியில்லன்னு மறுபடி ஊதச் சொல்லுவான். அதுக்குள்ள பஞ்சிங் டயம் போயிரும். லைன்ல எனக்குப் பேரே 'குவாட்டரு'. நான் டீ கூட குடிக்க மாட்டேன்."

"செவக்காத மருந்தும் கீது. டாக்டரு பாத்து எழுதித் தரணும்."

"எந்தக் கண்ணக் காட்டி எழுதச் சொல்ல? பிச்சையா கண்ணு நல்லாருக்குன்னு நேத்துதான ரிப்போர்ட் வந்துருக்கு."

சந்திரலேகாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போனது. "பட்டணத்துல பெரியாஸ்பத்திரிக்குப் போ. அங்க இந்த ரிப்போர்ட்ட யாரும் கேக்க மாட்டாங்க."

"போய், அவுக வண்டி ஓட்டாதன்னு சொல்லிட்டா?"

"சொல்லத்தான் சொல்லுவாங்க."

"பொறவு எதுக்குக்கா போகணும்?"

பிரியாணிக் கடையில் யாரோ அண்டாவை இழுக்கும் சத்தம் கீழிருந்து வந்தது. பிச்சையா இருட்டைப் பார்த்துப் பேசினான். "போன மாசம் ரிவர்ஸ் எடுக்கேன். வலப்பக்கம் ஒருத்தன் நிக்கான். எனக்குத் தெரியவே இல்ல. அவனாத் துள்ளி விழுந்தான். முழங்கைல தோல் போயிட்டு. சூப்பர்வைசர்ட்ட தானா வழுக்கிட்டுன்னு சொல்லிட்டான்."

"எவன் அவன்?"

"வேல்ராஜுதான்."

வியாழக்கிழமை அந்த முழுக்கைச் சட்டைக்குள் ஒரு காய்ந்த காயம் இருந்திருக்கிறது.

"தெரிஞ்சுகினே ஓட்டுற."

"மெதுவாத்தான் ஓட்டுதேன். எல்லா எடத்துலயும் ஹாரன் அடிக்கேன்." பிறகு, "தங்கச்சி பூமாரி எட்டாப்பு படிக்கா" என்றான். "நர்ஸ் ஆவணுங்கா. பன்னெண்டு முடிக்கணும், அதுக்கு மேல நாலு வருசம். அப்பா இல்ல. எட்டு வருசம் ஓட்டிட்டம்னா போதும்க்கா. அதுக்கப்புறம் என்னமும் ஆகட்டும்."

"மருந்து போட்டா எட்டும் ஓட்டலாம், அதுக்கு மேலயும் ஓட்டலாம். வண்டியச் சொல்லல. கண்ணச் சொல்றேன்."

"வண்டி இல்லாம கண்ண வச்சுக்கிட்டு என்ன செய்ய?"

வாட்ச்மேன் வேலை, பேக்கிங் வேலை என்று இரண்டொரு பெயர்கள் சந்திரலேகாவின் நாக்கு வரை வந்தன. கவியாவுக்கும் அவற்றைத்தான் சொல்ல நினைத்திருந்தார். அவள் நின்று கேட்கவில்லை.

கேமராவின் முன் உட்கார வைத்தார். பெயரில்லாமல் அந்தக் கருவி படமெடுக்காது. பிச்சையா என்று அடித்தால் இந்த ஆண்டுக் கணக்கில் ஒரே பெயருக்கு இரண்டு விதமான கண்கள் சேர்ந்துவிடும். சந்திரலேகா, பெண், நாற்பத்தாறு என்று அடித்தார். பச்சைப் புள்ளியைப் பார்க்கச் சொன்னார். பிடியை இடப்பக்கம் சாய்த்தார்.

முதல் வெளிச்சம் அடித்தது.

"காலைல இன்னா சாப்ட? சொல்லாத. மனசுல நெனச்சுக்கோ."

பிச்சையாவின் விழி அசையவே இல்லை. அவ்வளவு அடங்கிய கண்ணை அவர் பார்த்ததில்லை. இரண்டாவதை அடித்தார். மறு கண்ணுக்கும் அவ்வாறே எடுத்தார்.

"இப்ப சொல்லு."

அவன் சொல்லவில்லை.

பிச்சையாவின் வலப்புறம் இருந்த திரையில் படங்களை இணையாக வைத்து, சந்திரலேகா இரட்டை வில்லைக் கண்ணாடியை எடுத்துக் கண்ணில் பொருத்திக்கொண்டார். முதலில் சென்ற ஆண்டின் வலக்கண்: கீழ்ப்பக்கத்தில் விளிம்பு மூன்றாம் பிறை போல மெலிந்து, ஆனாலும் இருந்தது. பிறகு இன்று எடுத்தது. பிறை இல்லை. ரத்தக் குழாய்கள் தட்டின் ஓரம் வரை வந்து, அங்கே மடிந்து, உள்ளே விழுந்து காணாமற்போயின. கிணறு. இடக்கண்ணுக்குப் போனார். சென்ற ஆண்டு அது தட்ட இட்லி, நன்றாக நினைவிருக்கிறது. இப்போது அதன் கீழ்ப்பக்கத்திலும் தின்னத் தொடங்கியிருந்தது.

கண்ணாடியை அவர் கழற்றவில்லை. அது முகத்தில் இருக்கும்வரை தன் முகம் யாருக்கும் தெரியாது என்பதுபோல் வைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா" என்றான் பிச்சையா. தாடை இன்னும் தாங்கியில்தான் இருந்தது. எடுக்கலாம் என்று அவர் சொல்லவில்லை, அவனும் எடுக்கவில்லை. "எட்டு வருசம் தாங்குமாக்கா?"

ஃபோட்டோ நல்லா வந்துகீது. இத்தனை ஆண்டுகளாக எல்லாருக்கும் சொன்ன அந்தப் பதில் தொண்டை வரை வந்தது. உண்மையும்கூட, படம் மிக நன்றாக வந்திருந்தது.

"மருந்து போடாட்டி" என்றார்.

இடது கையால் கண்ணாடியைப் பிடித்தபடியே வலது கையைத் தூக்கினார். திரையின் வெளிச்சத்தில் ஐந்து விரலும் விரிந்து நின்றன. அவன் தலையை வலப்புறம் முழுக்கத் திருப்பி அந்தக் கையைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு கட்டை விரலை மடக்கினார்.

நான்கு வருடம்.